கிருமிநாசினியும் குழந்தையின் மூளையும்



1972ஆம் ஆண்டு வசந்தத்திலிருந்து கோடைவரை பிரான்சு நாட்டு மருத்துவமனைகளுக்குக் கைக்குழந்தைகள் ஒரே விதமான உபாதையோடு வந்துகொண்டிருந்தார்கள். அரையில் துணி கட்டும் இடம் வெந்ததுபோல் சிவந்திருக்கும். பால் குடிக்காமல் துவண்டு கிடப்பார்கள். வாந்தி வரும், பிறகு வலிப்பு வரும், சிலருக்குக் கைகால் விளங்காமல் போகும், கடைசியில் நினைவு தப்பும். மூளைக்காய்ச்சலோ என்று வைரஸைத் தேடிய மருத்துவர்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. அகப்பட்டது ஒரு பவுடர் டப்பா. ‘மொரான்ஜ்’ என்ற பெயரில் விற்ற குழந்தைப் பவுடர் அது. அதில் ஹெக்ஸாகுளோரோஃபீன் என்ற கிருமிநாசினி 6 விழுக்காட்டுக்கும் மேல் இருந்தது. அந்தப் பவுடரில் இருக்கவே வேண்டாத பொருள். தயாரிக்கும் இடத்தில் நடந்த தவறால் டால்க்கோடு கலந்துவிட்டது. 204 குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் 36 பேர் இறந்தார்கள்.

ஆலையில் நடந்த கவனக்குறைவு என்று இதை ஒதுக்கிவிடத் தோன்றும். ஒதுக்க முடியாததற்குக் காரணம் உண்டு. ஹெக்ஸாகுளோரோஃபீன் மூளையைத் தாக்கும் என்பது அந்தக் கோடைக்கு முந்தைய ஆண்டே விஞ்ஞானிகளுக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு முன் பத்துப் பதினைந்து ஆண்டுகளாக அமெரிக்காவிலும் வேறு பல நாடுகளிலும் பிறந்த குழந்தைகளை அந்த மருந்திலேயே குளிப்பாட்டியிருந்தார்கள்.

அப்படிச் செய்தவர்கள் அறிவில்லாதவர்கள் அல்லர். 1950களில் பிரசவ வார்டுகளைக் கலங்கடித்த எதிரி ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா. பென்சிலினுக்கு அது மசியாத காலம் அது. தொப்புளில் சீழ் வைக்கும், தோலில் கொப்புளம் கிளப்பும், ரத்தத்தில் ஏறினால் உயிரையே எடுத்துவிடும். ஒரு தொட்டிலில் தொடங்கினால் வார்டு முழுக்கப் பரவும். சுவிட்சர்லாந்து நிறுவனமான ஜிவோடானின் வேதியியலாளர் வில்லியம் கம்ப் உருவாக்கித் தந்த ஹெக்ஸாகுளோரோஃபீன் இதற்குக் கண்கண்ட மருந்தாக இருந்தது. மணமில்லை, எரிச்சலில்லை; கழுவிய பிறகும் தோலில் ஒட்டிக்கொண்டு வேலை செய்யும். 3 விழுக்காடு கரைசலில் தினமும் குழந்தையைத் தலையிலிருந்து கால்வரை குளிப்பாட்டினார்கள். தொற்று குறைந்தது, தாய்மார்கள் நிம்மதியானார்கள். மருத்துவமனையில் பெயர் வாங்கியதும் அது வீட்டுக்குள் நுழைந்தது. குளியல் சோப்பு, வியர்வை நாற்றம் போக்கும் களிம்பு, ஷாம்பு, பற்பசை என எல்லாவற்றிலும் இடம்பிடித்தது.

முதல் மணி அடித்தது தீக்காய வார்டிலிருந்து. 1960களின் பிற்பகுதியில், தீப்புண்ணை இந்தக் கரைசலால் கழுவிய நோயாளிகள் சிலருக்கு வலிப்பு வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். தோல் உரிந்த இடம் வழியாக மருந்து உள்ளே போகிறது என்று புரிந்தது. ஆனால் தோல் முழுசாக இருக்கும் குழந்தைக்கு என்ன ஆகும்? 1971இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு அதற்கு விடை சொன்னது. ஹெக்ஸாகுளோரோஃபீனில் குளிப்பாட்டிய சாதாரணமான, நலமான சிசுக்களின் ரத்தத்திலேயே அந்த ரசாயனம் இருந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் ரெனேட் கிம்ப்ரோவும் தாமஸ் கெயின்ஸும் அதை எலிகளுக்கு உணவில் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளின் பின்னங்கால்கள் செயலிழந்தன. மூளையை வெட்டிப் பார்த்தபோது வெள்ளைப் பகுதி முழுக்க ஓட்டை ஓட்டையாக, கடற்பஞ்சுபோல் இருந்தது.

இந்த வெள்ளைப் பகுதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்றைய பேச்சில் மூன்று வெவ்வேறு ரசாயனங்கள் வரும். மூன்றும் ஏதோ ஒரு வழியில் இங்கேதான் வந்து சேர்கின்றன. நரம்பு செல்லிலிருந்து நீளும் இழை, மின்கம்பி போல. அதன்மேல் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறை போன்றது மையலின். கொழுப்பாலான அந்த உறை இருந்தால்தான் செய்தி கசியாமல், வேகமாகப் போகும். மூளைக்குள் அந்த உறையைப் போர்த்துவதற்கென்றே ஒரு வகை செல்கள் இருக்கின்றன; ஒலிகோடெண்ட்ரோசைட் என்று பெயர். தாயின் வயிற்றில் கடைசி மாதங்களில் இந்த வேலை சூடு பிடித்து, பிறந்த பிறகு முதல் இரண்டு ஆண்டுகளில் மிக மும்முரமாக நடக்கும். குழந்தை குப்புற விழுவதும், உட்காருவதும், நடப்பதும் இந்த உறை ஒவ்வொரு பாதையாக முடிந்துகொண்டு வருவதோடு சேர்ந்தவை.

ஹெக்ஸாகுளோரோஃபீன் கொழுப்பில் கரையும். கொழுப்பாலான மையலினுக்குள் போய்த் தங்கி, உறையின் அடுக்குகளுக்கு நடுவே நீர் கோக்கச் செய்கிறது. அந்த எலிகளின் மூளையில் தெரிந்த ஓட்டைகள் அப்படி வந்தவை.

1971 டிசம்பரில் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் சிசுக்களை இந்தக் கரைசலில் முழுதாகக் குளிப்பாட்ட வேண்டாம் என்று எச்சரித்தது. மருத்துவமனைகள் நிறுத்தின. அடுத்த சில வாரங்களிலேயே பல வார்டுகளில் ஸ்டஃபைலோகாக்கஸ் தொற்று மீண்டும் தலைகாட்டியதாகத் தகவல்கள் வரத் தொடங்கின. எலி மூளையைக் காட்டி எங்கள் கையைக் கட்டிப்போட்டார்கள் என்று குழந்தை மருத்துவர்களில் ஒரு சாரார் குறைபட்டார்கள். அந்தக் குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு பக்கம் கண்ணெதிரே சீழ் பிடிக்கும் குழந்தை, இன்னொரு பக்கம் எலியின் மூளைப் படம். எதை நம்புவது? பிரான்சிலிருந்து அந்தப் பவுடர் சேதி வந்த பிறகுதான் தராசு ஒரு பக்கம் சாய்ந்தது. 1972 செப்டம்பரில் ஹெக்ஸாகுளோரோஃபீன் கடைச் சாமான்களிலிருந்து விலக்கப்பட்டு, மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டும் கிடைக்கும் மருந்தானது.

மனிதக் குழந்தைகளைப் பற்றிய தெளிவான சான்று 1974இல் சியாட்டிலிலிருந்து வந்தது. இறந்துபோன 248 குழந்தைகளின் மூளைகளை அங்குள்ள ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். 1,400 கிராமுக்கும் குறைந்த எடையில் பிறந்து, 3 விழுக்காடு கரைசலில் மூன்று முறைக்கு மேல் குளிப்பாட்டப்பட்ட குறைமாதக் குழந்தைகளிடம் அதே ஓட்டைகள் இருந்தன. நிறைமாதக் குழந்தைகளிடம் அந்த அளவுக்கு இல்லை. யாருக்கு, எந்த வயதில், எவ்வளவு, எத்தனை முறை என்ற கேள்விகளைக் கேட்காமல் ஒரு ரசாயனத்தை நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்வதில் பொருளில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. குறைமாதக் குழந்தையின் தோல் மெல்லியது. எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பும் அதிகம். நச்சை முறித்து வெளியேற்றும் கல்லீரலும் இன்னும் தேறவில்லை. பெரியவர் கையில் பட்டால் ஒன்றும் ஆகாத அளவு, அந்தக் குழந்தைக்கு மூளைவரை போகும் அளவு.

வழியில் ஒரு கிளைக்கதை. ஹெக்ஸாகுளோரோஃபீன் தயாரிக்கும்போது டயாக்சின் என்ற கடும் நஞ்சு கழிவாக வரும். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் இதைத் தயாரித்த ஆலையின் கழிவை ஒரு லாரிக்காரர் பழைய எண்ணெயோடு கலந்து, புழுதி அடங்கட்டும் என்று மண் சாலைகளில் தெளித்தார். டைம்ஸ் பீச் என்ற ஊரே அதனால் 1980களில் காலி செய்யப்பட்டது. இத்தாலியின் செவேசோவில் 1976 ஜூலையில் வெடித்து ஊர்மேல் டயாக்சின் மேகத்தைக் கவிழ்த்த ஆலையும் ஹெக்ஸாகுளோரோஃபீனுக்கான மூலப்பொருளைத் தயாரித்துக்கொண்டிருந்ததுதான். சோப்பு விளம்பரத்தில் இதெல்லாம் வராது.

ஹெக்ஸாகுளோரோஃபீன் போன இடத்துக்கு டிரைக்ளோசான் வந்தது. 1970களில் அறுவை சிகிச்சைக்கு முன் கை கழுவும் திரவமாகத் தொடங்கி, பிறகு சோப்பு, பற்பசை, காலுறை, காய்கறி நறுக்கும் பலகை, குழந்தை பொம்மை என்று பரவியது. அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2003, 2004 ஆண்டுகளில் 2,517 பேரின் சிறுநீரைச் சோதித்தபோது ஏறக்குறைய நான்கில் மூவரிடம் அது இருந்தது. தாய்ப்பாலிலும் தொப்புள்கொடி ரத்தத்திலும் கூட மற்ற ஆய்வுகள் அதைக் கண்டிருக்கின்றன.

டிரைக்ளோசான் மையலினை நேரே தின்பதில்லை. அதன்மேல் உள்ள சந்தேகம் வேறு பாதையில் வருகிறது. அதன் மூலக்கூறு வடிவம் தைராய்டு ஹார்மோனை ஓரளவு ஒத்திருக்கிறது. எலிகளுக்குக் கொடுத்தால் ரத்தத்தில் தைராக்சின் அளவு குறைகிறது. தவளையின் தலைப்பிரட்டை தவளையாக மாறுவது தைராய்டு ஹார்மோனால்தான். மிகச் சிறிய அளவு டிரைக்ளோசான் கூட அந்த மாற்றத்தின் ஒழுங்கைக் குலைக்கிறது என்று 2006இல் கனடா ஆய்வாளர்கள் காட்டினார்கள். கருவில் வளரும் மூளைக்கும் அந்த ஹார்மோன் வேண்டும். மையலின் உறை போர்த்தப்படுவதற்கும் வேண்டும். நாம் உப்பில் அயோடின் கலந்து சாப்பிடுவதற்கு ஒரு முக்கியக் காரணம் அந்த ஹார்மோன் குறையாமல் காப்பதுதான்.

மனிதர்களிடம் என்ன தெரிகிறது? சின்சினாட்டி நகரில் தாய்மார்களையும் குழந்தைகளையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், பிரசவ நேரத்தில் தாயின் சிறுநீரில் டிரைக்ளோசான் கூடுதலாக இருந்த குழந்தைகள் எட்டு வயதில் அறிவுத்திறன் சோதனையில் சற்றுக் குறைவான மதிப்பெண் பெற்றிருந்தார்கள். அது 2018இல் வெளியானது. கர்ப்பத்தின் வேறு மாதங்களில் எடுத்த அளவுகளோடு அத்தகைய தொடர்பு தெளிவாகத் தெரியவில்லை. இப்படிப்பட்ட ஆய்வுகள் தொடர்பைக் காட்டும், காரணத்தை நிரூபிக்காது. டிரைக்ளோசான் குழந்தைகளை மந்தமாக்குகிறது என்று இதை வைத்து யாராவது வாட்ஸாப்பில் எழுதினால், அது தவறான செய்தி.

டிரைக்ளோசான் விழுந்தது இந்தச் சந்தேகத்தால் மட்டும் இல்லை. கடையில் விற்கும் கிருமிநாசினி சோப்புகளைப் பற்றிய விதிகளின் முதல் வரைவுகளை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1970களிலேயே வெளியிட்டது. இறுதி விதி 2016 செப்டம்பரில் வந்தது. நடுவே ஒரு தலைமுறை வளர்ந்து பிள்ளை பெற்றுவிட்டது. சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று நீதிமன்றம் போன பிறகுதான் கோப்பு நகர்ந்தது. கடைசியில் நிர்வாகம் கேட்ட கேள்வி எளிமையானது: தினமும் வாழ்நாள் முழுக்கப் பயன்படுத்தினால் இது பாதுகாப்பானது என்பதற்கும், சாதாரண சோப்பைவிட இது மேலானது என்பதற்கும் உங்களிடம் சான்று உண்டா? தயாரிப்பாளர்களால் காட்ட முடியவில்லை. டிரைக்ளோசான், டிரைக்ளோகார்பான் உள்ளிட்ட 19 ரசாயனங்கள் வீட்டுச் சோப்புகளிலிருந்து விலக்கப்பட்டன. பட்டியலில் பழைய ஹெக்ஸாகுளோரோஃபீனும் இருந்தது. அதே டிரைக்ளோசான் ஈறு நோயைக் குறைப்பதாகச் சான்று காட்டிய பற்பசையில் அதன் பிறகும் சில ஆண்டுகள் தொடர்ந்தது. பயன் நிரூபிக்கப்பட்ட இடத்தில் விட்டு, நிரூபிக்கப்படாத இடத்தில் எடுத்தார்கள். முறையான தீர்ப்பு, நாற்பது ஆண்டு தாமதமாக வந்த தீர்ப்பு.

சாதாரண சோப்பு போதுமா என்ற கேள்விக்கு நல்ல விடை நம் பக்கத்து நாட்டில் கிடைத்தது. கராச்சியின் குடிசைப் பகுதிகளில் ஸ்டீபன் லூபி குழுவினர் நடத்திய சோதனை 2005இல் லான்செட்டில் வந்தது. சில வீடுகளுக்குச் சாதாரண சோப்பும், சில வீடுகளுக்குக் கிருமிநாசினி கலந்த சோப்பும் இலவசமாகக் கொடுத்து, கை கழுவச் சொல்லி வாராவாரம் போய்ப் பார்த்தார்கள். கை கழுவிய வீடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் நிமோனியா பாதியாகக் குறைந்தது. பேதியும் பாதிக்கு மேல் குறைந்தது. இரண்டு சோப்புகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர்களில் கிருமிநாசினி சோப்பு தயாரிக்கும் நிறுவனமும் ஒன்று என்பதால் இதன் முடிவுக்கு மதிப்பு இன்னும் கூடுகிறது.

2016 விதியில் ஒரு கதவு திறந்தே இருந்தது. பென்சால்கோனியம் குளோரைடு உள்ளிட்ட மூன்று ரசாயனங்களைப் பற்றிய முடிவைத் தள்ளிவைத்தார்கள். டிரைக்ளோசானைக் கைவிட்ட பல தயாரிப்பாளர்கள் அந்தக் கதவு வழியாகப் போனார்கள்.

பென்சால்கோனியம் புதியது அன்று. சல்ஃபா மருந்துக்காக நோபல் பரிசு பெற்ற ஜெர்மானியர் கெர்ஹார்ட் டோமாக் 1935இல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தது. குவாட்டர்னரி அம்மோனியம் என்ற பெரிய குடும்பத்தில் ஒன்று. சுருக்கமாகக் குவாட் என்பார்கள். நம் வீடுகளில் பூ மணத்தோடும் எலுமிச்சை மணத்தோடும் வரும் தரை துடைக்கும் திரவங்களின் லேபிளைத் திருப்பிப் பார்த்தால் பலவற்றில் இந்தப் பெயர் இருக்கும். ஈரத் துடைப்புக் காகிதத்திலும், ஆல்கஹால் இல்லாத சானிடைசரிலும் இருக்கும். கொரோனா காலத்தில் இதன் பயன்பாடு எங்கேயோ போய்விட்டது. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கொரோனாவுக்கு முன்பும் அதன்போதும் எடுத்த ரத்த மாதிரிகளை ஒப்பிட்டபோது, குவாட் அளவு 77 விழுக்காடு கூடியிருந்தது. வெர்ஜீனியாவில் 43 தன்னார்வலர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது பத்தில் எட்டுப் பேரிடம் அது அகப்பட்டது. இவை தோலோடு நின்றுவிடும், உடம்புக்குள் போகாது என்று பல காலம் நினைத்திருந்தார்கள்.

குவாட்டின்மேல் முதல் சந்தேகம் எழுந்தது தற்செயலாக. அமெரிக்காவில் இரண்டு வெவ்வேறு ஆய்வுக்கூடங்களில் சுண்டெலிகளின் இனப்பெருக்கம் திடீரென்று தடுமாறியது. பாட்ரிஷியா ஹன்ட்டின் கூடத்தில் குட்டி ஈனுவது குறைந்தது. டெர்ரி ஹ்ருபெக்கின் கூடத்தில் மூளையும் தண்டுவடமும் சரியாக மூடாத குட்டிகள் கருவில் தெரிந்தன. தீவனமா, தண்ணீரா என்று தேடிக் கடைசியில் கூண்டும் தரையும் துடைக்கும் கிருமிநாசினியை மாற்றியதில் வந்து நின்றார்கள். இரண்டு கூடங்களிலும் அது குவாட். ஹ்ருபெக் குழு 2017இல் அதை வெளியிட்டது. தீவனத்தில் கலந்து கொடுக்காமலே, அறையில் அந்தத் திரவத்தைப் புழங்கினாலே குறைபாடு வந்தது. உரிமம் பெறுவதற்காக முன்பு நடத்திய விலங்குச் சோதனைகளில் இப்படி எதுவும் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதனால் இது இன்னும் வாதத்தில் இருக்கும் விஷயம்.

அடுத்த தடயம் கொழுப்பு. உணவிலிருந்து வரும் கொலஸ்டிரால் மூளைக்குள் நுழைய முடியாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அதில் பெரும்பங்கு மையலினுக்குப் போகிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் லிபின் ஷு குழுவினர், பென்சால்கோனியம் அந்தத் தயாரிப்பில் கடைசிப் படியில் வேலை செய்யும் நொதியைத் தடுப்பதைக் கண்டார்கள். பிறவியிலேயே அந்த நொதி பழுதான குழந்தைகளுக்கு வரும் நோய்க்கு ஸ்மித்-லெம்லி-ஆபிட்ஸ் என்று பெயர். அறிவு வளர்ச்சிக் குறைபாடு அதன் முக்கிய அடையாளம். கர்ப்பமான சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது பென்சால்கோனியம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குட்டிகளின் மூளையையே எட்டியது.

2024 மார்ச்சில் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்திலிருந்து எரின் கோன், பால் டெசார் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு பத்திரிகைகளில் பெரிதாகப் பேசப்பட்டது. 1,823 ரசாயனங்களை ஒவ்வொன்றாக ஒலிகோடெண்ட்ரோசைட் செல்களின்மேல் சோதித்தார்கள், அதாவது மையலின் போர்த்தும் அதே செல்கள். குவாட் குடும்பத்துப் பொருள்கள் அந்தச் செல்களைக் கொன்றன. அதே அளவில் மூளையின் மற்ற சில வகைச் செல்களுக்கு அவ்வளவு சேதமில்லை. வாய் கொப்பளிக்கும் திரவங்களில் வரும் செட்டைல்பிரிடினியம் குளோரைடு என்ற குவாட்டைச் சுண்டெலிக் குட்டிகளுக்கு வாய்வழி கொடுத்தபோது அது மூளைவரை போனது. அங்கே அந்தச் செல்களின் எண்ணிக்கையும் குறைந்தது.

‘தரை துடைக்கும் திரவத்தால் மூளை நோய்’ என்று இதற்குத் தலைப்பு போட்டவர்கள் இருக்கிறார்கள். ஆய்வில் அப்படி ஒரு வரியும் இல்லை. கண்ணாடிக் கிண்ணத்தில் செல்லின்மேல் ஊற்றுவதும், குட்டிக்கு நேரே புகட்டுவதும், வீட்டில் வாரம் இருமுறை தரை துடைப்பதும் ஒன்றாகா. குவாட்டால் மனிதக் குழந்தையின் மூளைக்குச் சேதம் வந்ததாக நிரூபித்த ஆய்வு எதையும் அந்த ஆய்வாளர்கள் முன்வைக்கவில்லை. 1971இல் எலி மூளையில் தெரிந்த ஓட்டைகளோடு இதை ஒப்பிடத் தோன்றுவது இயல்பு. ஒப்பிடும்போது ஒன்றை மறக்கக் கூடாது: அன்று குழந்தைகளை அந்த மருந்திலேயே தினமும் முக்கி எடுத்தார்கள்.

ஆனாலும் அன்றைய தவறு இன்றைக்கும் அப்படியே நடக்கிறது. ரசாயனம் முதலில் வீட்டுக்குள் வருகிறது. அது மூளைக்கு என்ன செய்யும் என்ற கேள்வி பிற்பாடு வருகிறது. 2020 ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூர் சந்தைக்குள் நுழைபவர்கள்மேல் கிருமிநாசினியைப் பனிபோல் தெளிக்கும் சுரங்கக் கூண்டு வைத்தார்கள். நாடே அதைப் புகழ்ந்தது. ஊருக்கு ஊர் அதே போல் எழுந்தன. அந்த மாதம் முடிவதற்குள் தமிழக சுகாதாரத் துறையும் மத்திய அரசும் ஆட்கள்மேல் தெளிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டன. அது குவாட் இல்லை, வெளுக்கும் திரவம்தான். ஆனால் கேள்வி கேட்காமல் கைதட்டும் பழக்கம் அதேதான்.

மருத்துவமனையின் நிலை வேறு. அறுவை அரங்கிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் கிருமிநாசினி உயிர் காக்கிறது. அதைக் குறைக்கச் சொல்பவர் யாரும் நோயாளியின் நண்பர் இல்லை. கேள்வி வீட்டைப் பற்றியது. யாருக்கும் தொற்று நோய் இல்லாத வீட்டில் தினமும் தரைக்குக் குவாட் எதற்கு? தவழும் குழந்தை உள்ளங்கையால் தரையைத் துடைத்து அதே கையை வாயில் வைக்கும். சோப்புத் தண்ணீரால் துடைத்தால் அழுக்கு போகும், அழுக்கோடு பெரும்பாலான கிருமியும் போகும். வீட்டில் யாருக்காவது பேதியோ வாந்தியோ இருந்தால், கழிவறைக்கும் அந்த இடத்துக்கும் கிருமிநாசினி போடுங்கள். சொன்ன அளவு தண்ணீரில் கலந்து போடுங்கள், சிறிது நேரம் விட்டு நல்ல தண்ணீரால் மறுபடி துடையுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். கர்ப்பிணிகள் இருந்தால் அந்த வேலையை வேறு யாராவது செய்யட்டும். பச்சிளம் குழந்தையின் குளிக்கும் தண்ணீரில் எந்தக் கிருமிநாசினியையும் ஊற்றாதீர்கள். ஒரு மூடிதானே என்று ஊற்றும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது, அதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

தயாரிப்பாளர்களிடமும் அரசிடமும் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. பாட்டிலின் பின்பக்கம் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் அளவில் இருக்கும் ரசாயனப் பெயரையும் அதன் விழுக்காட்டையும் தமிழில், முன்பக்கம், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் போடச் சொல்லுங்கள். கடையில் பாட்டிலைக் கையில் எடுக்கும்போது அதைக் கேளுங்கள். கேட்கும் குரல் கூடினால் போட்டுத்தான் ஆக வேண்டும்.